பெண்ணுக்கும் பெட்டிக்கும் ஒரே தரகர்

கல்யாணத் தரகர் கண்ணாயிரத்தின் நடையைப் பார்த்தே சேதி இன்னதென்று சொல்லிவிடலாம் என்பது அமிர்தத்தின் எண்ணம். நல்ல சேதி என்றால் தெருமுனையிலேயே குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார். இல்லாவிட்டால் வழியில் நாலு பேரிடம் நின்று பேசி, வாசலில் வந்து தண்ணீர் கேட்டு, குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தார். அமிர்தம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாயை விரித்தாள். உள்ளே கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த மகள் கண்ணகிக்கு அதற்குமேல் அரிவாள்மனையில் கை ஓடவில்லை.

போன வெள்ளிக்கிழமைதான் தியாகதுருகத்திலிருந்து பெண் பார்க்க வந்து போயிருந்தார்கள். மாப்பிள்ளை சுப்புராயன் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வாத்தியார். அவனும் அவன் அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் கண்ணகியின் காதையும் கழுத்தையும் பார்த்தாள், நாலு கேள்வி கேட்டாள், கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சுப்புராயனோ கூடத்தின் மூலையில் இருந்த ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்தபிறகு வேறெதையும் பார்க்கவில்லை. "யாருதுங்க?" என்றான். "அப்பாது. இப்ப என்னுது" என்றாள் கண்ணகி. "வாசிப்பீங்களா?" என்றான். பால்வாடிப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டுவதைக் கொஞ்சம் வாசித்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் அவள் விரல்களையும் கட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான். வாசித்து முடித்தபோது, "பாரிஸ் ரீடு" என்று மட்டும் சொன்னான். கண்ணகிக்கு இருபத்தேழு வயது. அவளைப் பார்க்க அதற்கு முன்னால் ஐந்தாறு பேர் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் யாருமே அவள் மனசில் தங்கவில்லை. இந்தக் குனிந்த தலை மட்டும் நாலு நாளாய் அவளைத் தூங்கவிடவில்லை.

"சேதி கொண்டாந்திருக்கேன் தங்கச்சி" என்றார் கண்ணாயிரம். "ஆனா நீ நெனைக்கிற சேதி இல்ல. வாத்தியாரு பெட்டிய கேக்கறாரு."

"எந்தப் பெட்டிய?"

"உங்க வூட்ல எத்தினி பெட்டி கீது? பாட்டுப் பெட்டியத்தான். பன்னெண்டாயிரம் தரேன்றாரு."

"பொண்ணைப் பத்தி?"

"அத்தப் பத்திப் பேச்சு வரல."

அமிர்தம் விரித்த பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மகன் தெய்வசிகாமணி வயலிலிருந்து வந்தான். காலில் பொட்டுச் சேறு இல்லை. மழை பொய்த்த அந்த வருஷம் வடக்கனந்தலில் பாதிப் பேர் அப்படித்தான் காய்ந்த காலோடு வீடு திரும்பினார்கள். இவர்கள் வீட்டுப் போர்க் கிணறும் வற்றிவிட்டது. இடுப்புயரம் வளர்ந்த கரும்பு நுனி கருகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஆழமாக இறக்கினால் தண்ணீர் உண்டு என்று போர் லாரிக்காரன் சொல்லியிருந்தான். அதற்கு வழியில்லாமல்தான் பெட்டியை விற்றுவிடலாமென்று கண்ணகியே ஒரு மாதம் முன்னால் அண்ணனிடம் சொன்னாள். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைக் காலிசெய்துகொண்டு போனபோது, அவர்கள் அப்பா நாராயணசாமி ஒரு வண்டி நெல்லை விற்று வாங்கி வந்த பெட்டி அது. உள்ளே சத்தம் தருகிற ரீடுகள் பாரிஸில் செய்தவை. சேலத்திலிருந்து வந்து பார்த்த ஒருவன் ஆறாயிரத்துக்குமேல் ஒரு காசு தரமாட்டேன் என்றுவிட்டான்.

அம்மா சொன்னதைக் கேட்டதும் தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது. "பொண்ணு பாக்க வந்தவன் பெட்டிய வெல கேக்கறானா? எங்க வூடு இன்னா சந்தையா?"

"கோவப்படாத தம்பி. பன்னெண்டாயிரம்."

அந்தத் தொகை இரண்டாம் தடவை காதில் விழுந்ததும் அவன் தூணில் சாய்ந்தான். கண்ணகி உள்ளேயிருந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் கரும்பைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

அமிர்தம்தான் வாயைத் திறந்தாள். "வேணான்டா. பொண்ணு எடுக்கற எடத்துல காசு குடுத்து சாமான் வாங்குவாங்களா? நம்ம தெரு பெரியநாயகி பொண்ணைப் பாக்க வந்தவனுங்க பசுமாட்ட வெல பேசி ஓட்டிகினு போனானுங்களே, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுதா இல்லியா? காசு கை மாறிட்டா அவங்க யாவாரி, நாம யாவாரி. அப்புறம் சம்பந்தம் ஏது?"

"அவங்கதான் சம்பந்தம் பேசவே இல்லியே தங்கச்சி" என்றார் கண்ணாயிரம் மெதுவாக. "போற பொண்ணு எப்பன்னாலும் போவும். காயற கரும்பு நிக்குமா?" பிறகு குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம காலையில பணத்தோட இட்டுகினு வரேன். நமக்கு நூத்துக்குப் பத்து. பெட்டி வாசப்படி தாண்டறதுக்கு முன்னாடி என் கையில வந்துடணும்."

"தரகா? நீ கல்யாணத்துக்குத்தான வந்த?" என்றான் தெய்வசிகாமணி.

"தம்பி, அந்த வாத்தியாருக்கு இந்த வாசலைக் காட்டுனவன் நான். இந்த வாசல் வழியா பொண்ணு போனாலும் பெட்டி போனாலும் எனக்குத் தரகு உண்டு. இத்த வேணா கள்ளக்குறிச்சி பஜார்ல எந்தத் தரகனையாச்சும் கேட்டுப் பாரு." குடையைத் தரையில் ஊன்றி எழுந்தார். "என்னைத் தள்ளிட்டு நேரா யாவாரம் பண்ணா அதுவும் உங்க இஷ்டம். நாளைக்கு நாலு பேரு என்னைக் கேப்பாங்க, அந்த எடம் இன்னா ஆச்சுன்னு. பொண்ணு வேணாமாம், பெட்டி போதுமாம்னு உள்ளதச் சொல்லிட்டுப் போறேன்."

அவர் போன பிறகு அமிர்தம் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது தெய்வசிகாமணி தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "உன் பெட்டி. நீ வேணான்னு சொன்னா விடறேன்."

"நாளைக்கு ராத்திரி சொல்றேண்ணா" என்றாள்.

பெட்டி போவதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அதை மனசுக்குள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே தூக்கிக் கொடுத்திருப்பாள். இவன் கேட்கிறான். இவன் கையால் அந்தப் பணம் அண்ணன் கைக்கு வந்துவிட்டால், நாலு நாளாய் அவள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஆசைக்கு அதுதான் பதில். அந்தப் பதிலை வெள்ளிக்கிழமை வரை வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. அவன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை, கள்ளக்குறிச்சியில் பால்வாடி மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றினாள். அமிர்தம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். மீட்டிங்குக்குக் கட்டுகிற புடவை அது இல்லை. "மலைமேல குளுரும். ஒரு துண்டு எடுத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலடியில் யாரோ கட்டிவைத்த கோழிகள். கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது ஒரு கூட்டம் ஏறியது. அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு குடையின் பிடி தெரிந்ததும் கண்ணகி ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் கண்ணாயிரம் அவளைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளை, "கொஞ்சம் தள்ளிக் குந்துப்பா, நம்ம வூட்டுப் பொண்ணு" என்று எழுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க பாப்பா, மலைக்கா?"

"ஆமாங்க மாமா."

"பால்வாடி வேலையா?"

"இல்லீங்க."

பஸ் கோமுகி அணையைக் கடந்து மலையில் ஏறத் தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். கண்ணாயிரம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே பேசினார்.

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். கல்யாணம் ஆவாத பொண்ணு, பொண்ணு பாத்துட்டுப் போன ஆளைத் தேடிகினு தனியா மலையேறிப் போறது நல்லா இருக்குதா? இந்த பஸ்ஸுல எத்தினி கண்ணு கீது பாரு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்க. எதுருல ஒரு பஸ் வரும், ஏறி வூட்டுக்குப் போயிடு. நான் உன்னைப் பாக்கவே இல்ல."

"எறங்கலன்னா?"

"பாத்தேன்னு சொல்ல வேண்டி வரும். தரகன் பொய் சொல்லக் கூடாது பாரு."

இந்த மனுஷன் வாய்க்கு வடக்கனந்தலிலிருந்து திருநாவலூர் வரைக்கும் வீடுகள் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். பிறகு அவளுக்கு மட்டுமில்லை, அண்ணனுக்குமே அந்த ஊரில் தலை நிமிராது. பஸ் ஒரு புளியமரத்தடியில் நின்றது. கடுக்காய் மூட்டையோடு ஒரு கிழவர் இறங்கினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் பார்த்தார். இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் அவள் கால் நகர்ந்தது. இறங்கினால் வெள்ளிக்கிழமை பணம் வரும், எல்லாம் முடிந்துவிடும்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.

"மாமா, நான் மாப்பிள்ளையப் பாக்கப் போகல" என்றாள். "என் பெட்டிய வாங்கற ஆளைப் பாக்கப் போறேன். விக்கறவ வாங்கறவரைப் பாக்கறதுல இன்னா தப்பு? அதுவும் தரகரு பக்கத்துல குந்தினு வர்றப்போ?"

கண்ணாயிரம் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் பேசற. பத்தாவது பெயிலுன்னு அவங்க கிட்ட சொல்லிட்டேன், பாஸுன்னே சொல்லியிருக்கலாம்."

"நான் பாஸுதான்."

"அப்படியா?" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"நீங்க எதுக்கு மலைக்குப் போறீங்க?"

"யாவாரம்னா வாங்கறவன் பக்கமும் ஒரு தரகு உண்டு. ரெண்டு கையில வாங்கறது எங்க தொழில்ல தப்பில்ல. போன வாரம் பாதி குடுத்தாரு. மிச்சத்த வாங்கியாரலாம்னு."

போன வாரமே கொடுத்துவிட்டானா! பெண் பார்த்துவிட்டுப் போனது வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் மறுநாளே தரகரைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்திருக்கிறான். அவ்வளவு அவசரம், பெட்டிக்கு. வெளியே மரவள்ளிக் கொல்லைகளும் தினைக் கொல்லைகளும் மேகத்துக்குள் மறைந்து மறைந்து வந்தன. அம்மா சொன்ன துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். அப்படியும் குளிர் விடவில்லை.

வெள்ளிமலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே காசியம்மாளின் டீக்கடை. பள்ளிக்கூடம் அதற்கு மேல், சரிவில். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. சுப்புராயன் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். தரகரை எதிர்பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும், சட்டைப் பையில் ஒரு கவர் துருத்திக்கொண்டிருந்தது. முதலில் கண்ணாயிரத்தைப் பார்த்து எழுந்தான். பின்னால் கண்ணகியைப் பார்த்ததும் பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டான்.

"சார்" என்றாள் கண்ணகி. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பெட்டியப் பத்திப் பேச வந்தேன்."

"உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

"வேணாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். எங்க வூட்டுக்கு நீங்க எதுக்கு வந்தீங்க?"

கண்ணாயிரம் நடுவில் புகுந்தார். "பாப்பா, இதெல்லாம் பொது எடத்துல..."

"நீங்க இருங்க அண்ணே" என்றான் சுப்புராயன். அவன் முகம் மாறிவிட்டது. "எதுக்கு வந்தேன்னா? பொண்ணு பாக்கத்தான் வந்தேன். பிடிச்சிருக்குன்னு மறுநாளே சொல்லி அனுப்பினேனே. அம்மாவுக்கும் சம்மதம்னு சொன்னேனே. உங்க பக்கத்துலேருந்துதான் இன்னும் ஒண்ணும் சொல்லலை."

கண்ணகிக்குக் காதில் விழுந்தது புரியச் சற்று நேரமானது. "எங்களுக்கு அப்படி ஒரு சேதி வரலீங்க. பெட்டிய மட்டும் கேக்கறீங்கன்னுதான் வந்துது."

"நானா கேட்டேன்? உங்க அண்ணன் விக்கறார்னு இவர்தான் சொன்னார். கரும்பு காயுது, பெட்டியை வித்தாத்தான் அவர் மனசு கல்யாணத்துப் பக்கம் திரும்பும், வெளியாள் கொண்டுபோறதுக்கு நீங்களே வாங்கிட்டா நல்லதுன்னார். நான் சொசைட்டியில லோன் போட்டேன்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். கடைக்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்த காசியம்மாள் ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"நான் எங்க பொய் சொன்னேன்?" என்றார் கண்ணாயிரம். "கரும்பு காயுதா, இல்லியா? பெட்டி விக்கறீங்களா, இல்லியா? இவரு சம்மதத்த யாவாரம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன். அவ்வளவுதான்."

"யாவாரம் முடிஞ்சா எங்கம்மா இந்தச் சம்பந்தத்தையே பேச விடமாட்டாங்க. நேத்து உங்க எதுருலதான சொன்னாங்க. அப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களா?"

"இன்னா சொன்னாங்க?" என்றான் சுப்புராயன்.

கண்ணகி சொன்னாள். பெண் எடுக்கிற வீட்டில் காசு கொடுத்துச் சாமான் வாங்கினால் அது உறவை வேண்டாமென்று சொல்வதற்குச் சமம் என்று, பெரியநாயகி வீட்டுப் பசுமாட்டுக் கதையையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எனக்கு இது தெரியாதுங்க. ஆறு வயசுலேருந்து ஹாஸ்டல்லயே வளர்ந்தவன். இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" பிறகு தரகர் பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியும். பெட்டி வாங்கறத எங்கம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு அதனாலதான் சொன்னீங்களா?"

கண்ணாயிரம் குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு சட்டென்று சுருங்கியதுபோல இருந்தது.

"தெரியும் சாமி. எல்லாம் தெரியும். கல்யாணத் தரகுன்றது இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா? நூறு வாசப்படி ஏறி எறங்கினா ஒண்ணு கூடும். கூடினதும் முத ஆளா மறந்து போறது தரகனைத்தான். பந்தியில கடைசி எல. ஒரு வேட்டி, ஒரு துண்டு, கையில கொஞ்சம் சில்லறை. அதுக்கே மூணு தடவ போயி நிக்கணும். பாதி எடம் நகையில ஒடைஞ்சு போயிடும். பெட்டி அப்படியில்ல, வித்தா வித்துதுதான். கைக்கு வர்றத உட மனசு வரல."

சுப்புராயன் பையிலிருந்து கவரை எடுத்துக் கண்ணகியிடம் நீட்டினான்.

"லோன் பணம் மொத்தமும் இதுல இருக்கு, இன்னிக்குத்தான் கைக்கு வந்துது. கொண்டுபோய் போர் இறக்கச் சொல்லுங்க. கரும்பு காயக் கூடாது."

அவள் கையை நீட்டவில்லை. "இத்த வாங்கினா பெட்டிக்கு வாங்கறதா ஆயிடும்."

"கடனா வச்சுக்குங்க."

"மாப்பிள்ளை வூட்ல கடன் வாங்கித் தங்கச்சியக் கட்டிக் குடுத்தான்னு எங்கண்ணன ஊரே பேசும்." கண்ணகி ஒரு மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டாள். இனிமேல் சொல்லப்போவதுதான் அவளைப் பஸ் ஏற வைத்தது. "பெட்டி விக்கத்தான் போறோம். கரும்புக்கு அது வேணும். உங்களுக்குத்தான் வேணும்னா வெள்ளிக்கெழம வந்து காசு குடுத்து எடுத்துகினு போங்க. தாராளமா குடுக்கறோம். அதோட நமக்குள்ள ஒண்ணுமில்ல. சம்பந்தம்தான் வேணும்னா பெட்டி வெளியாள் கைக்குப் போவும். திரும்ப உங்க கண்ணுல கூட படாது. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சுப்புராயன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தப் பெட்டி இருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். உடனே 'நீங்கதான்' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் இந்த மௌனத்தைத் தாங்கவும் முடியவில்லை. எதிர்ச் சரிவிலிருந்து பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. கீழே போகிற பஸ் திரும்புவதற்காக முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"இன்னாயா வாத்தியாரே" என்றாள் காசியம்மாள் உள்ளேயிருந்து. "அந்தப் பொண்ணு மலையேறி வந்து கேக்குது. நீ வாயத் தொறக்கறதுக்குள்ள என் அடுப்பே அணைஞ்சுரும்போல."

அவன் நிமிர்ந்தான். பெண் பார்த்த அன்று ஒரு தடவைகூட அவளை நேராகப் பார்க்காதவன் இப்போது பார்த்தான்.

"பெட்டி வேணாங்க" என்றான். "வருத்தமா இருக்கும். இல்லைன்னு சொன்னா பொய். அது மாதிரி சத்தம் நான் கேட்டதே இல்லை. ஆனா அன்னிக்கு நான் குனிஞ்சே இருந்தது பெட்டிக்காக மட்டும் இல்லை. நிமிர்ந்தா உங்க முகத்தைப் பார்க்கணும். பார்த்தா கண்ணை எடுக்கமாட்டேன்னு தோணுச்சு. பக்கத்துல அம்மா வேற உக்காந்திருந்தாங்க."

காசியம்மாள் உள்ளே ஏதோ டம்ளரைத் தட்டிவிட்டாள். கண்ணகிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க இடமில்லாமல் மலையைப் பார்த்தாள்.

"வெளியாளுக்கே வித்துடுங்க" என்றான் அவன். "வெள்ளிக்கிழமை நான் அம்மாவோட வரேன். காசு எதுவும் இல்லாம, வெத்தலை பாக்கோட மட்டும்." பிறகு கண்ணாயிரத்திடம் திரும்பினான். "உங்களுக்குக் குடுத்ததை நான் திருப்பிக் கேக்கலை அண்ணே. பெட்டிக்குன்னு குடுத்தேன், இப்ப இவங்களுக்குன்னு வச்சுக்குங்க."

கண்ணாயிரத்தின் முகம் விளக்கேற்றியதுபோல ஆனது. ஆனால் கண்ணகி தலையை அசைத்தாள்.

"வேணாங்க. பெட்டிக்குக் குடுத்த காசு என் பேருக்கு மாற வேணாம். திருப்பிக் குடுத்துடுங்க மாமா."

"பாப்பா, அவரே வேணான்றாரு, நீ எதுக்கு..."

"கல்யாணத் தரகு கல்யாணத்தன்னிக்கு. ரெண்டு வூடும் சேர்ந்து கையில வச்சுக் கொடுப்போம். மூணு தடவ வந்து நிக்க வேணாம், கடைசி எலயும் வேணாம், முத பந்தியில எங்கண்ணன் பக்கத்துல உங்களுக்கு எல. நான் சொல்றேன். ஆனா இன்னிக்கு இந்தக் காச வச்சுக்கினீங்கன்னா நான் போற எடத்துல காலம் பூரா பெட்டியோட சேத்து வெல பேசப்பட்டவளாத்தான் இருப்பேன்."

கண்ணாயிரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்பையில் கைவிட்டுக் கொஞ்சம் எடுத்து பெஞ்சின்மேல் வைத்தார். "மிச்சம் வூட்ல ஓடு மாத்தக் குடுத்துட்டேன். தை மாசத்துக்குள்ள தந்துடறேன் வாத்தியாரே. எழுதி வேணா தரேன்."

"வேணாம் அண்ணே" என்றான் சுப்புராயன்.

"இப்ப பெட்டி விஷயத்துக்கு வாங்க" என்றாள் கண்ணகி. கண்ணைத் துடைத்துக்கொண்டாகிவிட்டது, குரலில் பால்வாடி டீச்சர் வந்துவிட்டாள். "கரும்பு அடுத்த வாரம் வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள நல்ல வெலைக்கு ஆள் கொண்டாங்க. வெளியாளா இருக்கணும். எங்க பக்கம் மட்டும் தரகு, அவங்க பக்கம் வாங்கக் கூடாது. நூத்துக்கு அஞ்சு."

"அஞ்சா? ஒரு பக்கம்தான்னா எட்டாச்சும் குடு."

"ஆறு. இல்லன்னா அந்தச் சேலத்து ஆளுக்கே கடுதாசி போட்டுக்கறோம்."

"சேலத்தானா! அவன் பாரிஸ் ரீடுன்னு தெரிஞ்சுகினே ஆறாயிரம் சொன்ன திருடன்." கண்ணாயிரம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பன்னெண்டுக்குக் கம்மியா ஒருத்தனையும் வாசல்ல ஏத்தமாட்டேன். ஆறே இருக்கட்டும், போ. நம்ம வூட்டுப் பொண்ணாச்சே."

பஸ் ஹாரன் அடித்தது. சுப்புராயன் ரோட்டைக் கடந்து பஸ் வரைக்கும் கூட வந்தான். படியில் ஏறும்போது கண்ணகி திரும்பி, "வெள்ளிக்கெழம எத்தினி மணிக்கு?" என்றாள். "முதல் பஸ்ஸுக்கே" என்றான். அதற்குமேல் இருவருக்கும் பேசத் தெரியவில்லை.

வண்டி இறக்கத்தில் மெதுவாக உருண்டது. இனி வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும். பன்னிரண்டாயிரம் கைக்கு வரவில்லை, ஆனால் மாப்பிள்ளை வருகிறார் என்று. அவன் முதலில் கத்துவான், பிறகு வயலுக்குப் போய்க் கரும்பைப் பார்த்துவிட்டு வருவான், அதன்பிறகுதான் தங்கையைப் பார்ப்பான். வெளியாள் கிடைக்காமலே போனால்? அந்த நினைப்பு வளைவுக்கு வளைவு திரும்பத் திரும்ப வந்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முன்னால் கண்ணாயிரம் சீட்டில் உட்காரவே இல்லை. கம்பியில் தொங்கிக்கொண்டு கண்டக்டரின் காதோரம் குனிந்திருந்தார்.

"தம்பி, நீ தெனம் எத்தினி ஊரு ஆளப் பாக்கற. கூத்து செட்டு, பாட்டு செட்டு வச்சிருக்கறவன் எவனாச்சும் நல்ல பெட்டி தேடறானா? பாரிஸ் ரீடு. அஞ்சாறு நாளைக்குள்ள ஆளக் காட்டிவுடு. எனக்கு வர்றதுல உனக்கும் ஒரு பங்கு உண்டு."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"எவ்வளவு பங்கு?" என்றார்.